பழைய கார் ரேடியோவை எடைக்குப் போடாதீங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. வாட்ஸ்அப் குரூப்பில் ரெண்டு வாரமா ஒரே பேச்சு: "டைட்டில் என்னடே, எவ்வளவு ஆகும்?" கவனிங்க, "எப்படிச் செய்யலாம்"னு யாரும் கேக்கல. "எவ்வளவு ஆகும்"னுதான் கேக்கோம். பணத்தைக் கட்டினா போர்டு, ரிப்போர்ட், பிபிடி, வைவாவுக்குப் பதில் எல்லாம் ஒரே கவர்ல வந்துரும். ஹெச்.ஓ.டி.க்கும் தெரியும், நமக்கும் தெரியும், வீட்ல மட்டும் தெரியாது.

இதுக்கு மாற்றா நான் ஒண்ணு சொல்றேன். சிரிக்காம கேளுங்க. ஒரு பழைய கார் ரேடியோ வாங்குங்க. புளூடூத் ஸ்டீரியோ இல்ல. ரெண்டு பக்கமும் குமிழ், நடுவுல அஞ்சு பட்டன், மேல ஒரு முள், மீடியம் வேவ் மட்டும் பிடிக்கிற அந்த இரும்புப் பெட்டி. அம்பாசிடரையும் ஃபியட்டையும் உடைக்கிற இடங்கள்லயும் பழைய இரும்புக் கடையிலயும் இன்னும் கிடைக்குது. கடைக்காரர் அதை ரேடியோவா பார்க்கிறதில்ல, ரெண்டு கிலோ இரும்பாத்தான் பார்க்கிறார். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாமளாவது வேற மாதிரிப் பார்க்கலாம்.

சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவரை நாம எப்படிப் படிச்சோம்? ஏழு கட்டம், நடுவில் அம்புக்குறி, 13 மார்க். ஆர்.எஃப். ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர், லோக்கல் ஆஸிலேட்டர், ஐ.எஃப்., டிடெக்டர், ஆடியோ, ஸ்பீக்கர். ஏ.ஜி.சி. என்று பின்னாடி ஒரு கோடு. வரைஞ்சா பாஸ். ஆனால் தாத்தா காலத்து ஐந்து வால்வு வீட்டு ரேடியோக்களில் பெரும்பாலும் அந்த முதல் கட்டமே கிடையாது. ஏரியல் நேரா மிக்ஸருக்குப் போகும், பாட்டும் நல்லாக் கேட்கும். அதே காலத்துக் கார் ரேடியோவில் மட்டும் அந்த ஆர்.எஃப். ஆம்ப்ளிஃபயர் ஏன் தவறாமல் இருந்தது? இந்தக் கேள்வியை எந்தப் பரீட்சையும் நம்மகிட்ட கேட்டதில்லை.

பதில் நம்ம ஊர்க் கணக்கிலேயே இருக்கு. பாளையங்கோட்டையிலிருந்து ஒலிபரப்பாகும் திருநெல்வேலி வானொலி 1963-ல் தொடங்கியது. அதன் மீடியம் வேவ் அலைவரிசை 1197 கிலோஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதால் வகுத்தால் அலைநீளம் சுமார் 250 மீட்டர். ஒழுங்கான கால் அலை ஏரியல் வேண்டுமென்றால் 60 மீட்டருக்கு மேல் கம்பி நிற்க வேண்டும். வீட்டில் மொட்டை மாடியிலிருந்து தென்னைமரம் வரை கம்பி இழுத்துச் சமாளிக்கலாம். காரில் இருப்பது ஒரு மீட்டர் குச்சி. அது பிடித்துத் தரும் சிக்னல் ரொம்பச் சன்னம். மிக்ஸர் தானே போடும் இரைச்சலில் அது மூழ்கிவிடாமல் இருக்க, முன்னாடியே ஒருமுறை தூக்கிவிட வேண்டும். அதுக்குத்தான் அந்தக் கட்டம்.

கதை அங்கேயும் முடியல. ஒரு மீட்டர் குச்சியின் கெப்பாசிட்டன்ஸ் 10, 15 பிகோஃபாரட்தான். அதிலிருந்து ரேடியோ வரை லேபில் கிடக்கிற சாதாரண கோஆக்ஸ் கேபிளை இழுத்தால், மீட்டருக்கு 100 பிகோஃபாரட் போல அது சேர்க்கும். ரெண்டும் சேர்ந்து வோல்டேஜ் டிவைடர் ஆகி, கிடைச்ச கொஞ்ச சிக்னலிலும் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் கார் ஏரியல் கேபிளை வேற மாதிரி செய்தார்கள்: அகலமான குழாய், நடுவில் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி, சுற்றிலும் காற்று. கேபிளை வெட்டிப் பார்த்தவனுக்குத்தான் இது தெரியும். சிமுலேஷனில் கேபிளே கிடையாதே!

கார் என்பது ரேடியோவுக்கு எதிரியின் வீடு. 230 வோல்ட் கிடையாது, ஆட்டம், சூடு. பக்கத்திலேயே ஒரு தீப்பொறி இயந்திரம் வேற. சிக்னலும் ஒவ்வொரு தெருவிலும் மாறும். இந்த ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு சர்க்யூட் பிறந்தது. நாம படிக்கிற கட்டங்களுக்குக் காரணம் வேணும்னா அது இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு.

முதலில் கரன்ட். 1930-ல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவரின் கம்பெனி, வண்டியில் வைத்து விற்கிற மாதிரி ஒரு ரேடியோவைக் கொண்டுவந்தது. மோட்டார் என்ற சொல்லோடு 'ஓலா'வைச் சேர்த்து மோட்டரோலா என்று பேர் வைத்தார்கள். பிறகு கம்பெனியின் பேரே அதுதான் ஆனது. (உங்க கையில இருக்கிற ஃபோனின் பேரா இருந்தால், அது கார் ரேடியோவின் பேர்.) ஆனால் வால்வுக்கு 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி. வேணும். காரில் இருப்பதோ 6 வோல்ட் பேட்டரி. டி.சி.யை டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்ற முடியாது, அது ஃபர்ஸ்ட் இயர் பாடம். ஆரம்பத்தில் தனியா உயர் வோல்டேஜ் பேட்டரிகளைத் தரைக்கு அடியில் பெட்டி கட்டி வைத்தார்கள். அவை தீர்ந்தால் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கணும்.

பிறகு வந்ததுதான் வைப்ரேட்டர். எனக்கு இந்தப் பெட்டியிலேயே ரொம்பப் பிடித்த பாகம் இதுதான். காலிங் பெல் எப்படி அடிக்கிறது? காந்தம் தகட்டை இழுக்கும், இழுத்ததும் கான்டாக்ட் பிரியும், கரன்ட் நிற்கும், தகடு திரும்பி வரும். அதே சங்கதிதான். ஒரு மெல்லிய எஃகு நாக்கு விநாடிக்கு நூற்றுச் சொச்சம் தடவை இப்படியும் அப்படியும் ஆடி, பேட்டரி கரன்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியின் மேல் பாதிக்கு ஒருமுறை, கீழ்ப் பாதிக்கு ஒருமுறை மாற்றி மாற்றி விடும். மறுபக்கம் 200, 250 வோல்ட் ஏ.சி. வரும். அதை ரெக்டிஃபை செய்ய ஒரு வால்வு. சில மாடல்களில் அந்த வால்வும் இல்லை. அதே நாக்கில் இன்னொரு ஜோடி கான்டாக்ட் வைத்து, ஏ.சி. திசை மாறும் அதே நொடியில் அதுவும் மாறும்படி செய்து, நாக்கையே ரெக்டிஃபையர் ஆக்கிவிட்டார்கள்.

இதை எங்கேயோ படித்த மாதிரி இல்ல? பவர் எலெக்ட்ரானிக்ஸில் வரும் புஷ்-புல் கன்வர்ட்டர்தான் இது. அந்த ரெண்டாவது வகைக்கு இன்னைக்கு நாம வைத்திருக்கும் பேர் சிங்க்ரனஸ் ரெக்டிஃபிகேஷன். மாஸ்ஃபெட் இருக்கும் இடத்தில் இங்கே ஒரு எஃகு நாக்கு, லட்சம் ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் நூற்றுச் சொச்சம். உங்கள் லேப்டாப் சார்ஜர் சத்தமில்லாமல் செய்வதை இது 'ங்ங்ங்' என்று பாடிக்கொண்டே செய்யும். அந்தச் சத்தம் கேட்கக் கூடாதென்று தகர டப்பாவுக்குள் ரப்பர் சுற்றி வைத்திருப்பார்கள். செகண்டரியில் பஃபர் கண்டன்சர் என்று ஒன்று உண்டு. நாக்கு ஒரு கான்டாக்டை விட்டு அடுத்ததைத் தொடும் இடைவெளியில் காயில் உதைக்கும் வோல்டேஜை அது வாங்கிக்கொள்ளும். அது கெட்டால் கான்டாக்ட் கருகும். ஸ்னப்பர் சர்க்யூட்டை ஃபார்முலாவா மனப்பாடம் செய்த நமக்கு, அந்தக் கருகின கான்டாக்டைக் கண்ணால் பார்க்கிறது எவ்வளவோ மேல்.

விலையும் உண்டு. இந்த செட்டுகள் 6 வோல்ட்டில் 6, 7 ஆம்பியர் இழுக்கும், அதாவது 40 வாட் வாக்கில். வண்டியை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பாட்டு கேட்டால் அப்புறம் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

அடுத்தது ஆட்டம். வீட்டு ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்க கேங் கண்டன்சரைத் திருப்புவோம், தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். குண்டுங்குழியுமான ரோட்டில் அந்தத் தகடுகள் அதிர்ந்தால் கெப்பாசிட்டன்ஸ் ஆடும், ஸ்டேஷனும் கூட ஆடும். அதனால் சி-யை விட்டுவிட்டு எல்-ஐ மாற்றினார்கள். காயிலுக்குள் இரும்புத்தூள் அல்லது ஃபெர்ரைட் தண்டு உள்ளே போய் வெளியே வரும். ஃபார்முலாவில் ரெண்டும் ஒரே ரூட்டுக்குள்தான் இருக்கு, எதை மாற்றினால் என்ன! ஏரியல், ஆர்.எஃப்., ஆஸிலேட்டர் என்று மூன்று காயில், மூன்று தண்டு, ஒரே சட்டத்தில் கட்டி ஒன்றாக நகரும். அந்த அஞ்சு பட்டன் இருக்கே, அது நம்ம 'பிரீசெட்'. பட்டனை வெளியே இழு, ஸ்டேஷனைப் பிடி, அழுத்தித் தள்ளு, அவ்வளவுதான். உள்ளே ஒரு நெம்புகோல் அந்த இடத்தில் இறுகிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றி பத்து வருஷம் கழித்து மாட்டினாலும் மறக்காது. கரன்ட் இல்லாத மெமரி.

இப்போ தீப்பொறி. நாலு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால், ஒரு சுற்றுக்கு ரெண்டு பொறி வீதம் விநாடிக்கு 100 பொறி. ஒவ்வொன்றும் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். மார்க்கோனி ஆரம்பத்தில் தந்தி அனுப்பியதே பொறியை வைத்துத்தான். ஆக, பானட்டுக்குள் ஒரு டிரான்ஸ்மிட்டர் ஓடுகிறது, ஒரு மீட்டர் தள்ளி ரிசீவர் உட்கார்ந்திருக்கிறது. (டீசல் அம்பாசிடர்காரருக்கு இந்தக் கவலை இல்லை, அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.)

இதற்குத் தீர்வு ரேடியோவுக்குள் பாதிதான். பாளையங்கோட்டையில் வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட இதைக் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, ரேடியோவப் பாக்கதுக்கு முன்னாடி வண்டியப் பாக்கணும்லா." அவர் நோய் கண்டுபிடிப்பது முழுக்கக் காதால்தான். கரகரப்பு படபடவென்று ஆக்ஸிலேட்டரோடு ஏறினால் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். கூவுற மாதிரி ஏறினால் டயனமோ. ஓடுற வண்டியில் இஞ்சினை அணைத்த பிறகும் இருந்தால் சக்கரத்தில் சேரும் ஸ்டாட்டிக். அப்புறம் ஏரியலைப் பிடுங்கிப் பார்ப்பார். சத்தம் நின்றால் காற்று வழியா வருது, நிற்கலைன்னா பேட்டரி ஒயர் வழியா வருது. ரேடியேட்டட், கண்டக்டட் என்று நாம எலெக்டிவ் பேப்பரில் ரெண்டு யூனிட் படிப்பதை அவர் ஒரு பிடுங்கலில் முடித்துவிட்டார். மருந்தும் எளிசு: பிளக் ஒயரில் பத்தாயிரம் ஓம் வாக்கில் ரெசிஸ்டர், டயனமோவில் அரை மைக்ரோஃபாரட் கண்டன்சர், பானட்டையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை.

இதில் நம்ம ஜில்லாவுக்கு ஒரு பங்கு உண்டு. டி.வி.எஸ். என்ற பெயரின் முதல் எழுத்து திருக்குறுங்குடி. சுந்தரம் ஐயங்கார் பிறந்த ஊர். அந்தக் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். வண்டிகளுக்கான மின்சாதனங்களைச் செய்தது. கோவையிலோ, பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஜி.டி. நாயுடு 1941-லேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். பஸ்ஸும் ரேடியோவும் அவருக்கு வேற வேற டிபார்ட்மென்ட் இல்லை. ஆட்டோமொபைல் பிளாக்குக்கும் ஈ.சி.ஈ. பிளாக்குக்கும் நடுவில் நாம்தான் சுவர் கட்டி வைத்திருக்கோம்.

ஏ.ஜி.சி.யை விட்டுட்டேன். தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் 200 கிலோவாட். தூத்துக்குடியில் அதைப் பிடித்துக்கொண்டு காரை மேற்கே விட்டால், பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றோடு ஏறஏற சிக்னல் மெலியும். பாபநாசத்துக்கு மேல் மலைக்குள் வளைந்தால் இன்னும் மெலியும். ஆனால் ஸ்பீக்கரில் சத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கணும். டிடெக்டரில் கிடைக்கும் சராசரி வோல்டேஜை மைனஸாக முன் வால்வுகளின் கிரிட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சிக்னல் பலத்தால் கெய்ன் குறையும், மெலிந்தால் கூடும். ஈரடுக்கு மேம்பாலத்துக்கு அடியில் நுழையும்போது பாட்டு தேய்ந்து, பின்னணி இரைச்சல் மட்டும் மேலே வருவதும் இந்த ஆள் செய்யும் வேலைதான். நோட்டில் பின்னாடி ஒரு கோடு போட்டோமே, அந்தக் கோடு.

டிரான்சிஸ்டர் வந்ததும் வைப்ரேட்டர் செத்தது. 1955-ல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் வால்வே இல்லாத கார் ரேடியோவை அறிவித்தன. நடுவில் சில வருஷம் 12 வோல்ட்டிலேயே ஓடும் வால்வுகளும் ஒற்றைப் பவர் டிரான்சிஸ்டரும் கலந்த செட்டுகள் வந்தன. அப்போதைய டிரான்சிஸ்டர் ஜெர்மானியம், சூடு ஆகாது. பத்து டிகிரி ஏறினால் லீக்கேஜ் கரன்ட் இரட்டிப்பாகும், அதனால் இன்னும் சூடாகும், அப்புறம் போயே போகும். சித்திரை வெயிலில் டவுனில் பூட்டி நிறுத்திய கார் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். தெர்மல் ரன்அவே என்பது திருநெல்வேலிக்காரனுக்கு தியரி இல்லை. இதற்காக எமிட்டரில் அரை ஓமுக்கும் குறைவான ஒரு ரெசிஸ்டர் வைத்தார்கள். டிரான்சிஸ்டர் மிஞ்சிப் போனால் அது தன்னைத்தானே எரித்துக்கொள்ளும்.

"எல்லாம் சரி, இப்போ யாருக்கு மீடியம் வேவ்? ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். டாங்கிள் வாங்கினா எல்லாத்தையும் சாஃப்ட்வேர்லயே செய்யலாமே" என்பீங்க. செய்யுங்க, நல்லது. ஆனால் டாங்கிளுக்கு முன்னாடி இருப்பது இன்னமும் கம்பிதான், அதைச் சுற்றி இன்னமும் இரைச்சல்தான். ஏ.டி.சி.க்குள் குப்பை நுழைந்துவிட்டால் பைத்தானால் முழுசாப் பிரித்தெடுக்க முடியாது.

பழைய சண்டை முடிந்தும் போகலை. மின்சாரக் காரில் ஸ்பார்க் பிளக் இல்லை, ஆனால் இன்வெர்ட்டர் இருக்கு. அது நூற்றுக்கணக்கான வோல்ட்டை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டும்போது எழும் ஹார்மோனிக்ஸ் நேராக மீடியம் வேவ் பட்டையில் விழுகிறது. சில கம்பெனிகள் இதைச் சரிசெய்வதை விட ஏ.எம். ரேடியோவையே தூக்கிவிடுவது லேசு என்று முடிவெடுத்தன. 2023-ல் ஃபோர்டும் அப்படி அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. ஆபத்து நேரத்தில் செய்தி போய்ச்சேர ஏ.எம். வேணும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதாவே கொண்டுவந்தார்கள். அதே 2023 டிசம்பரில் இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தாமிரபரணி ஊருக்குள் வந்த அந்த நாட்களில் எத்தனை இடத்தில் கரன்ட் இல்லை, டவர் இல்லை. வீட்டு வாசலில் நிற்கும் காரில் மட்டும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உயிரோடு இருந்தது.

வேலை என்ற கோணத்திலும் பாருங்க. வண்டிகளின் மின்காந்த இரைச்சலை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் விதிமுறை சிஸ்பர் 25. அதன் தலைப்பிலேயே சொல்லியிருப்பது, வண்டிக்குள் இருக்கும் ரிசீவர்களைக் காப்பாற்றுவது. அதாவது கார் ரேடியோவைக் காப்பாற்ற எழுதிய விதி. நம்ம நாட்டில் ஏ.ஐ.எஸ். 004 இருக்கு. பக்கத்துத் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்தாச்சு. இன்டர்வியூவில் "இன்வெர்ட்டர் இரைச்சலை எப்படிக் குறைப்பீங்க?" என்று கேட்டால், கவரில் வந்த ரிப்போர்ட் பதில் சொல்லாது.

அதனால் என் கோரிக்கை ரெண்டு. டிபார்ட்மென்டுக்கு: லேபில் ஒரு பெஞ்சை ஒதுக்கி, அதில் ஒரு பழைய கார் ரேடியோ, ஒரு பேட்டரி, ஒரு இக்னிஷன் காயில் செட், ஒரு ஸ்கோப் வையுங்க. பழுது பார்த்து, அளந்து, இரைச்சலை உண்டாக்கி அடக்கிக் காட்டுவதை முழு ப்ராஜெக்டாக ஏத்துக்கோங்க. "இதுல நாவல்ட்டி எங்கே" என்று ரிவ்யூவில் கேட்க வேண்டாம். கவரில் வரும் ஸ்மார்ட் டஸ்ட்பின்னில் அதை யாரும் தேடலையே.

நமக்கு: செட் கிடைத்ததும் நேரா பேட்டரியில் கொடுக்காதீங்க. முதலில் எந்தப் பக்கம் எர்த் என்று பாருங்க. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பாணி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு, மாற்றிக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் போச்சு. ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டாதீங்க. வால்வு செட்டாக இருந்தால் பஃபர் கண்டன்சரையும் எலெக்ட்ரோலைட்டிக்கையும் மாற்றின பிறகுதான் சப்ளை, அதுவும் கரன்ட் லிமிட் வைத்து. உள்ளே 250 வோல்ட் இருக்கு, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஒரு கையைப் பாக்கெட்டில் வையுங்க. எல்லாம் சரியென்றால் ஏரியலை மாட்டி, முள்ளை 1400-க்குப் பக்கம் கொண்டுபோய், ஏதாவது மெலிந்த ஸ்டேஷனைப் பிடிச்சு, ஏரியல் சாக்கெட் அருகில் இருக்கும் சின்ன ட்ரிம்மரை ஸ்க்ரூ டிரைவரால் பைய திருப்புங்க. சத்தம் திடீரென்று ஏறும் ஒரு இடம் வரும். அங்கே நிறுத்திட்டு, முள்ளை 1197-க்குத் திருப்புங்க.